ஏழாம் எண் ஜன்னல்

என் தம்பிக்கு எதையும் வந்த முகத்தோடு விட்டுவைக்கத் தெரியாது. நோட்டுக்கு அட்டை போட்டால் மற்ற பிள்ளைகள் அதோடு விடுவார்கள். இவன் அந்த அட்டைக்கும் ஓர் அட்டை போடுவான், அதன் மூலையை வெட்டி வளைப்பான், பெயர் எழுதும் இடத்தை இடது பக்கம் மாற்றுவான். ஏன்டா என்றால், "இங்கதான்க்கா கை போகுது" என்பான். அவனைவிட நான் எட்டு வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். அவனுக்குத் தலை வாரிவிட்டதும் நான்தான், முதுகில் நாலு வைத்ததும் நான்தான். அதனால் அவன் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இல்லை என்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும்.

அப்படிப்பட்டவன் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தால் கேட்க வேண்டுமா? கீழே ஒரு பட்டை, ஓரத்தில் ஒரு பொத்தான், வரிசையாகக் குட்டிக் குட்டிப் படங்கள் என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி வருகிற முகம் இருக்கிறதே, அது அவனுக்கு ஆகவே ஆகாது. முதலில் திறக்கிற ஜன்னல்களின் ஓரத்தையும் நிறத்தையும் மாற்றினான். அதற்கு ஸ்கின் என்று பெயராம். பிறகு அந்த முகத்தையே மொத்தமாகக் கழற்றிவிட்டு வேறு ஒன்றை மாட்டினான். அதற்கு ஷெல் என்று பெயராம். உள்ளே அதே கம்ப்யூட்டர்தான், அதே வேலைதான். வெளியே பார்த்தால் செய்தவனுக்கே அடையாளம் தெரியாது.

அவன் வேலை செய்தது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ரிப்போர்ட் அடிக்கிற வேலை. சேர்ந்த மூன்றாம் மாதமே கை சும்மா இருக்கவில்லை. தான் செய்த ஷெல்லை ஆபீஸ் மெஷினில் மாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். திரைக்குக் குறுக்கே ஒரு துணிக்கொடி. நாம் சுருக்கி வைக்கிற ஒவ்வொரு ஜன்னலும் அந்தக் கொடியில் ஒரு துணியாகத் தொங்கும், கிளிப் உட்பட. ரிப்போர்ட் என்றால் வெள்ளைச் சட்டை, கணக்கு என்றால் துண்டு, குப்பைத் தொட்டி ஒரு வாளி. மறுநாள் காலையில் பெரிய டாக்டர் அவனுக்குப் போன் செய்து, "என் பேஷன்ட் ரிப்போர்ட்டெல்லாம் எங்கய்யா?" என்று கத்தியிருக்கிறார். இவன் தூக்கக் கலக்கத்தில், "கொடியில தொங்குது சார்" என்றிருக்கிறான். வேலை போகாமல் தப்பியது பெரிய பாடு. அன்றிலிருந்து அங்கே எல்லோருக்கும் அவன் டெய்லர்தான்.

இந்த மாதிரி கிறுக்குகள் உலகத்தில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு இணையதளமும் இருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. ஒருவர் செய்ததை மற்றவர் எடுத்து மாட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்வார்களாம். அங்கே ஒரு பெண் இவன் ஸ்கின்னைப் பார்த்துவிட்டு, "சுருக்குற பட்டனும் மூடுற பட்டனும் ஒட்டிக்கிட்டு நிக்குது. என்னைக்காவது யாரோட வேலையோ போகப்போகுது, அப்ப தெரியும்" என்று எழுதியிருக்கிறாள். வேறு ஊரில் கட்டட வரைபடம் போடுகிற அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ஒரு கோடு தள்ளிப்போனாலும் பொறுக்க மாட்டாள். இவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து மூன்று பக்கத்துக்குப் பதில் எழுதினான். ஜன்னலுக்குக் கீழே விழுகிற நிழல் இரண்டு புள்ளி அகலமா, மூன்று புள்ளி அகலமா என்று எட்டு மாதம் சண்டை. எட்டு மாதம் கழித்து, சண்டை போட்டவளையே கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று என் முன்னால் வந்து நின்றான்.

நான் அதற்குள் வேறு இடத்தில் பேசி முடித்திருந்தேன். நான் மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்பவள். முதலாளியின் அக்கா பெண்ணை அவனுக்கென்று கேட்டு வாக்கும் கொடுத்திருந்தேன். இவன் வந்து அப்படிச் சொன்னதும் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "கம்ப்யூட்டர்ல பொம்மை போடுறவளைத்தான் கட்டுவேன்னா கட்டிக்கோ. அவ இருக்குற வீட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்குக் கோபத்தில் சொன்னதையும் காப்பாற்றித் தொலைக்கிற புத்தி. பதிவு அலுவலகத்துக்கு நான் போகவில்லை. ஆறு வருஷம் அந்த வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. தம்பி மட்டும் என்னை வந்து பார்த்துவிட்டுப் போவான்.

அவள் எனக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை போன் செய்திருக்கிறாள். "அக்கா, நான்தான்" என்று ஆரம்பிப்பாள். நான் வைத்துவிடுவேன். அவள் குரலில் நான் கேட்டது அந்த இரண்டு சொல்தான்.

அவர்கள் வீட்டில் இரண்டு அறை, ஆளுக்கு ஒரு மெஷின். அவள் பாட்டைச் சத்தமாக வைத்தால்தான் கோடு போடுவாள், இவனுக்குச் சத்தம் ஆகாது. அதனால் நடுக்கதவு எப்போதும் சாத்தியிருக்கும். அதற்காக அவள் ஒரு சின்ன ஜன்னல் வரைந்தாள். நாலு கண்ணாடி, ஒரு பக்கமாக ஒதுக்கிய திரைச்சீலை. அது இவன் திரையின் இடது ஓரத்தில் இருக்கும். அவள் தன் மெஷினைப் போட்டால் அந்த ஜன்னலுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம் வரும், அணைத்தால் இருட்டாகும். இதே மாதிரி இவனுக்கு ஒன்று அவள் திரையில். வரைந்தது அவள், வேலை செய்ய வைத்தது இவன். வீட்டிலிருக்கும் வைஃபை பெட்டி உள்ளே வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுக்குமாம். அவள் மெஷினுக்கு ஏழு. இந்த ஜன்னல் இரண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை ஏழாம் எண்ணைக் கூப்பிட்டு, இருக்கிறாயா என்று கேட்கும். பதில் வந்தால் விளக்கு. "நம்பரை வெச்சுத் தேடாதீங்க, மெஷின் பேரை வெச்சுத் தேடுங்க" என்று அவள் சொன்னாளாம். சோம்பேறி, "இந்த வீட்டுல ஏழு நீ மட்டும்தானே" என்று விட்டுவிட்டான்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாலாம் நாள் அவள் இல்லை. அந்த நாலாம் நாள் மத்தியானம் தம்பி எண்ணிலிருந்து எனக்கு மூன்று அழைப்பு வந்தது. அவள்தான் அவன் போனை வாங்கிக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து மூன்றையும் துண்டித்தேன். அந்த வீட்டுக்குள் நான் முதல்முதலாகக் கால் வைத்தது அவளைக் கொண்டுவந்து கிடத்தியிருந்த அன்றுதான். அவள் முகத்தையும் அன்றுதான் பார்த்தேன்.

அவளுடைய அண்ணன் வந்து துணிமணிகளையும் மெஷினையும் தங்கள் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனார். தம்பியே எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்தான். ஆனால் அந்தச் சின்ன ஜன்னல் அவன் திரையில் இருட்டாக நின்றது. அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. கடைசியில் அவன் செய்த காரியத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். திரையில் எந்தப் பொருளும் இடது ஓரத்திலிருந்து எத்தனை புள்ளி தள்ளி நிற்க வேண்டும் என்று ஒரு எண் உண்டு. ஜன்னலின் எண்ணை மைனஸ் நானூறு என்று மாற்றிவிட்டான். ஜன்னல் திரையின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டது. போய்விட்டதே தவிர ஓயவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில் நின்றுகொண்டு, இரண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை, இருக்கிறாயா, இருக்கிறாயா என்று கேட்டபடியே இருந்தது.

"பைத்தியமாடா உனக்கு? வேணும்னா வை, வேணாம்னா அழி" என்றேன்.

"அழிக்கலக்கா. வெளிய வெச்சிருக்கேன்."

நான் செவ்வாயும் வெள்ளியும் கடையில் மதியம் வரைக்கும் நின்றுவிட்டு, கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். பத்து மாதம் அப்படி ஓடியது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே ரிப்போர்ட் அடி என்று பரிசோதனைக் கூடத்தில் சொல்லி, இரண்டாவதாக ஒரு திரையும் கொடுத்தனுப்பினார்கள். அதைப் பழைய திரைக்கு இடது பக்கம் வைத்துக் கம்பியைச் செருகினான். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்த வேலை அது. திரைக்கு இடது பக்கம் இப்போது வெட்டவெளி இல்லை, இன்னொரு திரை. மைனஸ் நானூறு எங்கே இருந்ததோ அங்கேயே, புதுத் திரைக்குள், அவள் ஜன்னல் வந்து நின்றது. திரும்ப நகர்த்த அவனுக்குக் கை வரவில்லை. இருட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ரிப்போர்ட் அடித்தான்.

அடுத்த செவ்வாய். மத்தியானம் மூன்று மணி, பளீரென்று வெயில். நான் உள்ளே போய்க் கேரியரைச் சமையலறையில் வைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அவன் அறையில் நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. ஓடினேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான்.

"அக்கா... எரியுது."

"என்னடா எரியுது? எங்க?"

கையைக் காட்டினான். புதுத் திரையில் அந்த ஜன்னல். நாலு கண்ணாடிக்குப் பின்னாலும் மஞ்சள் வெளிச்சம்.

"அவ மெஷின் அவ அண்ணன் வீட்டுலதானேடா இருக்கு?"

"ஆமா."

நடுக்கதவு எப்போதும் போலச் சாத்தியிருந்தது. அதைத் திறந்து பார் என்று அவனும் சொல்லவில்லை, நானும் போகவில்லை. ஐந்து மணிக்கு நான் கிளம்பி பஸ் ஏறியதும் அவன் போன் வந்தது. "அணைஞ்சிருச்சுக்கா."

வெள்ளிக்கிழமை நான் போனேன், எரிந்தது. கிளம்பினேன், அணைந்தது. சனி, ஞாயிறு, திங்கள் இருட்டு. செவ்வாய் நான் வந்த ஐந்தாவது நிமிஷம் வெளிச்சம். அவன் நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"நீ வந்தாதான்க்கா அவ வர்றா. உன்கிட்ட ஏதோ பேசணும்போல."

பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் யாருக்கும் பயந்தவள் இல்லை. கடையில் டாக்டர் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவன் என் முகத்தைப் பார்த்தே திரும்பிப் போய்விடுவான். அப்படிப்பட்டவள் தலைவலி மாத்திரை கேட்டவருக்கு வயிற்றுவலி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு நின்றேன். கடைப் போன் மணி அடித்தால் "அக்கா, நான்தான்" என்று கேட்கப்போகிறது என்று எடுக்காமலே விட்டேன். தம்பி டீ போடப் போயிருக்கிற நேரத்தில் அந்த ஜன்னலுக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருப்பேன். திரைச்சீலைக்குப் பின்னால் அவள் நிற்கிற மாதிரியே இருக்கும். ஏதாவது சொல்ல வேண்டும், மன்னித்துவிடு என்றாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பேன். ஊரே பயப்படுகிற வாய், ஒரு சொல் வராது.

அவன் வேலைக்குப் போவதை நிறுத்தினான். தினமும் காலையில் போன்: "இன்னைக்கு வாயேன்க்கா." நானும் தினமும் போனேன். அவன் சட்டை கழுத்தில் தொளதொளத்தது, தாடி வளர்ந்தது, கேரியர் திறக்காமலே திரும்பி வந்தது. வெளிச்சம் வந்தால் எதிரே உட்கார்ந்து சிரிப்பான். பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் என் கடைக்கே வந்துவிட்டார். "அம்மா, டெய்லர் தங்கமான ஆளு. ஆனா அடுத்த வாரம் திங்கக்கிழமைக்கு மேல என்னால தாக்குப்பிடிக்க முடியாது. எனக்கும் மேல ஆளு இருக்காங்க."

அந்தத் திங்களுக்கு ஒரு வாரம் முந்தி, நான் போகும்போது பஸ்ஸிலேயே என் போனில் சார்ஜ் தீர்ந்து செத்துப்போனது. வீட்டுக்குள் போனேன். பத்து நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. ஜன்னல் இருட்டு.

"என்னக்கா பண்ணினே? உன்மேல இன்னும் கோபம் தீரல போலிருக்கே" என்றான்.

சுருக்கென்றது. கூடத்துக்கு வந்து, செய்ய ஒன்றுமில்லாமல் போனைச் சார்ஜில் போட்டேன். அது உயிர் பெற்று, டிங் என்றது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "வந்துட்டா! அக்கா, வந்துட்டா!"

நான் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆளுக்கு எண் கொடுக்கிற வைஃபை பெட்டி பக்கத்துச் சுவரில் மினுக்கிக்கொண்டிருந்தது. இந்தப் போனை வாங்கியது, அந்த ஜன்னல் முதல்முதலாக எரிந்ததற்கு முந்தின நாள். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் பார்த்து நானேதான் போட்டுக்கொண்டேன், அந்தச் செவ்வாய்க்கிழமை, கேரியரைக் கீழே வைத்த கையோடு.

போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அணைத்தேன். கொஞ்சம் பொறுத்து, "அய்யோ, போயிட்டாளே" என்று குரல். போட்டேன். "வந்துட்டா!" மறுபடி அணைத்தேன். இந்தமுறை அவன் அழுகிற சத்தம் கேட்டது. சீ, நான் ஒரு மனுஷியா என்று அவசரமாகப் போட்டேன்.

அவள் எண் காலியாகக் கிடந்தது. பெட்டி அதை எடுத்து என் போனுக்குக் கொடுத்திருக்கிறது. அவ்வளவுதான். அவள் என்னைத் தேடி வரவில்லை. அப்பாடா என்று குளியலறைச் சுவரில் சாய்ந்தேன். அடுத்த நிமிஷமே, அப்படியானால் அவள் வரவேயில்லையே என்று தோன்றியது. இதிலேயே ஊறிக் கிடப்பவன் ஒரு நிமிஷம் உட்கார்ந்து தேடியிருந்தால் கண்டுபிடித்திருப்பான். தேட அவனுக்கு மனசு வரவில்லை.

சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். ஐந்து நாள் நான் சொல்லவில்லை. காலையில் போனை முழுக்கச் சார்ஜ் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி போனேன். உயிரோடு இருந்தபோது அந்த வீட்டில் அவளோடு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதவள்.

சனிக்கிழமை அவன் சொன்னான்: "வேலையை விட்டுடறேன்க்கா. நீயும் கடையை விட்டுட்டு இங்கயே வந்துடு. நீ இருந்தா அவளும் எப்பவும் இருப்பா."

இதற்கு மேல் தாங்காது என்று தெரிந்தது.

"அது அவ இல்லடா. என் போன்."

அவன் என்னைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். மேலே ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஏழு... உன் போனுக்கு விழுந்திருக்கு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டான். கத்துவான், கையில் கிடைத்ததை விட்டெறிவான் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அணைக்கா."

"வேணாம்டா."

"நீயே அணை. நான் பார்க்கணும்."

அணைத்தேன். கையில் போன் கறுத்துப்போனது. ஜன்னல் அணையவில்லை.

"இன்னும் எரியுதேடா!"

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவைதான் கேட்கும். அதுவரைக்கும் எரியும்."

உண்மையைச் சொன்னவள் நான்தான். ஆனாலும் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்து, அணையாதே, நான் சொன்னதைப் பொய்யாக்கு, இவனுக்காக இருந்துவிட்டுப் போ என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஆஸ்பத்திரில கடைசி நாள் கேட்டா" என்று அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "அக்கா வர்றாங்களான்னு. நீ போனை எடுக்கல. பஸ்ல வந்துட்டு இருக்காங்கன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, இப்ப எந்த ஸ்டாப்புன்னு கேட்டா. சொன்னேன். மறுபடி கேட்டா. அடுத்த ஸ்டாப் சொன்னேன். ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்லிக்கிட்டே வந்தேன்க்கா. அதனாலதான் நீ வந்ததும் அது எரிஞ்சப்ப, காத்துக்கிட்டு இருந்திருக்கான்னு நினைச்சுட்டேன்."

"எந்த ஸ்டாப் வரைக்கும்டா சொன்னே?"

"ஆஸ்பத்திரிக்கு முந்தின ஸ்டாப் வரைக்கும்."

ஜன்னல் அணைந்தது.

வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். பிறகு அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் வைஃபை பெட்டிக்கான பக்கத்தைத் திறந்து என் போனுக்கு இருபது என்று ஒரு எண் கொடுத்தான். ஏழாம் எண்ணை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று பூட்டினான்.

"அதை எதுக்குடா பூட்டுறே?"

"காலியாவே இருக்கட்டும். வேற யாரும் வர வேணாம்." கொஞ்சம் பொறுத்து, "திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடு" என்றான். எழுந்து போய்ச் சமையலறையில் கேரியரைத் திறக்கிற சத்தம் கேட்டது.

நான் போனைப் போட்டேன். டிங் என்றது. இரண்டு நிமிஷம் பார்த்தேன், நாலு நிமிஷம் பார்த்தேன். ஜன்னல் இருட்டாகவே இருந்தது. அங்கே யாரும் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"வந்துட்டேம்மா" என்றேன்.

அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது.